இருபத்து மூன்றாவது மந்திரத்தில் ஒடிந்தது

'டக்' என்று ஒரு சத்தம். பிலோ அக்காவின் வாயில் இருந்த மந்திரம் பாதியில் நின்றது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வெள்ளை நைலான் துண்டு இரண்டாகக் கிடந்தது.

"இருபத்து மூணு," என்றாள். அவ்வளவுதான். வலது கையில் உடைந்த துண்டு, இடது கையில் ஜெபமாலை. முதல் மூன்று மணி போக, இரண்டாவது பத்து அப்போதுதான் முடிய இருந்தது.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் மகன் வின்சென்ட் எழுந்தான். அவன் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

"மாமா, தப்பா நெனக்காதீங்க," என்றான். "அம்மா கண்ண வெச்சு எக்ஸ்பெரிமென்ட் பண்ண முடியாது. போதும். வைட்ஃபீல்டுக்கு, எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "வரைஞ்சது சின்னப் பொண்ணுடா. கணக்குல எங்கயோ விட்டுட்டா போல," என்றேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏழுக்கு ஏழு

அக்காவுக்குக் கண்ணில் பிரஷர். காலை ஏழு, மாலை ஏழு என்று இரண்டு வேளையும் சொட்டு மருந்து விட வேண்டும். விடாமல் போனால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. டாக்டர் இதை எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒருமுறைக்கு மூன்று முறை சொன்னார்.

அந்த மருந்து பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அதை அமுக்க விரல் நுனியில் நல்ல பலம் வேண்டும். அக்காவின் விரல்களோ வாதத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டவை. அமுக்கினால் ஒன்று வராது, வந்தால் நாலு சொட்டாகக் கன்னத்தில் ஓடும்.

அதனால் நான் போய்க்கொண்டிருந்தேன். தொம்மலூரில் என் வீடு, விவேக் நகரில் அவள் வீடு, வைட்ஃபீல்டில் என் ஆபீஸ். காலையில் ஸ்கூட்டரில் போய்ச் சொட்டு விட்டு, அவள் திட்டுவதைக் கேட்டு, காபி குடித்து, ஓடிவந்து ஆபீஸ் பஸ்ஸைப் பிடிப்பேன். மாலையில் அதே பஸ் என்னை ஏழு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். வைட்ஃபீல்ட் டிராபிக் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. மழைக்காலத்தில் ஒரு வாரம் பஸ் தினமும் தாமதம், சொட்டு நாலு வேளை தவறியது. அடுத்த பரிசோதனையில் பிரஷர் ஏறியிருந்தது. அன்றிலிருந்துதான் வின்சென்ட் அம்மாவைத் தன் அப்பார்ட்மென்டுக்கு அழைக்க ஆரம்பித்தான். பதினான்காவது மாடி. மருமகள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள், நல்ல பெண். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் அக்காவுக்கு அங்கே ஆகாது. பத்து நாள் இருந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "ஜன்னல தொறந்தா மேகம் தெரியுதுடா ராஜு. ஒரு மனுஷன் தெரியல."

விவேக் நகரில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் கடை. முன்னறை கடை, பின்னறை வீடு. பட்டன், லேஸ், ரிப்பன், நூல்கண்டு, ஹேர்பின். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை கவுனுக்கு லேஸ் வேண்டும் என்றால் அந்தப் பகுதித் தாய்மார்கள் அவளிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் உடனே போக மாட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து மாமியாரை வறுத்தெடுத்துவிட்டுத்தான் போவார்கள். சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்ள முடிந்தால் அக்கா இங்கே இருக்கலாம். முடியாவிட்டால் மேகம் பார்க்கப் போக வேண்டியதுதான்.

நட்டு போல்ட்டுக்காரன்

நான் இயந்திர வடிவமைப்பாளன். பிளாஸ்டிக் பாகங்கள் வரைவது என் தொழில். டூல்ரூமில் எண்ணெய்க் கையோடு ஆரம்பித்து, டிராயிங் போர்டில் பென்சில் பிடித்து, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவன். முப்பது வருஷ சர்வீஸ். ஒரு சொட்டு மருந்து பாட்டிலை அமுக்க எனக்கு ஒரு கருவி செய்யத் தெரியாதா?

செய்தேன். இரண்டு கைப்பிடி, நடுவே எஃகு அச்சு, ஒரு ஸ்பிரிங், இரண்டு ஸ்க்ரூ. பார்க்க பந்தாவாக இருந்தது. ஆபீஸில் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். கண் பக்கம் போகிற எதையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பாள். பத்தே நாளில் ஸ்பிரிங் துரு. அதற்கடுத்த நாள் ஸ்க்ரூ கழன்று சிங்க்கில் விழுந்தது. நான் போனபோது கைப்பிடி ஒரு கையிலும் அச்சு இன்னொரு கையிலுமாக நின்றிருந்தாள்.

"நட்டு போல்ட்டெல்லாம் உன் வண்டிக்கு வெச்சுக்க. கண்ணுக்கு வேணாம். துருவு கண்ணுல போச்சுன்னா அது வேற பேஜாரு," என்றாள்.

கொண்டையிலிருந்து ஒரு பின்

இந்தப் புலம்பலை ஆபீஸ் கேன்டீனில் அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் சுகன்யா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஈரோட்டுப் பெண், எங்கள் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நாம் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும்.

"ஏனுங்க சார், அச்சு எதுக்குங்க?" என்றாள்.

"அச்சு இல்லாம எப்படிம்மா ரெண்டு கை அசையும்?"

ஸ்பூனைக் கீழே வைத்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி மேஜையில் போட்டாள். "இதுல அச்சு எங்கீங்க இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஒரே கம்பி. நடுவில் வளைத்திருக்கிறது. அதுவே கை, அதுவே மூட்டு, அதுவே ஸ்பிரிங். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற இடுக்கியை அச்சு வைத்துச் செய்கிறோம். ரொட்டிக்கடையில் பன் எடுக்கிற இடுக்கி வெறும் ஒரு தகடு, வளைத்துவிட்டால் தீர்ந்தது. ஷாம்பு பாட்டில் மூடியில் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறதே, தினமும் திறக்கிறோமே, அதுவும் அப்படித்தான். ஒரே துண்டு. கழன்று விழ ஒன்றும் இல்லை, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. இதையெல்லாம் தினமும் கையில் பிடித்தவன்தான் நான். பார்த்ததில்லை.

ஒரே துண்டில் தானே வரைந்து பார்க்கிறேன் என்று, அந்த வார சனிக்கிழமை அக்காவின் கை அளவு எடுக்கச் சுகன்யா விவேக் நகருக்கு வந்தாள். அளவு எடுத்தாளோ இல்லையோ, கடையில் தொங்கிய டிக்டாக் கிளிப் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள். சின்னப் பெண்கள் முடியில் குத்துவார்களே, அமுக்கினால் 'டிக்' என்று மூடும் தகட்டு கிளிப், அதுதான்.

"அது நல்ல சரக்கும்மா," என்றாள் அக்கா. "நான் சும்னே வாங்கி மாட்ட மாட்டேன். புது பாக்கெட் வந்தா அதுல ஒன்ன எடுத்து ஒரு ஜெபமால சொல்லுவேன்."

சுகன்யாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரம். ஒரு மந்திரத்துக்கு ஒரு 'டிக்'. ஜெபமாலை முடிவதற்குள் கிளிப் உடைந்தால் அந்த பாக்கெட் மொத்த வியாபாரிக்கே திரும்பிப் போகும். விரல் சாய்வதற்கு முன் எத்தனையோ வருஷம் அக்கா இதைச் செய்தவள். இப்போது கடைக்கு வருகிற பெண்களில் யாராவது கிளிப்பை அமுக்க, இவள் மந்திரம் சொல்வாள்.

"பக்திக்கு பக்தி, டெஸ்டுக்கு டெஸ்ட்," என்று நான் கிண்டலடித்தேன். சுகன்யா சிரிக்கவில்லை. "நம்ம லேப்ல செய்யறதும் இதுதானுங்களே சார்," என்றாள், மரியாதையாக.

திரையில் ஒரு வானவில்

திங்கட்கிழமை அவள் வரைய உட்கார்ந்தாள். மேலதிகாரியிடம் கேட்டு, சாப்பாட்டு இடைவேளைகளில்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். சும்மா பார்க்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டே பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் வரைவதை நான் இருபது வருஷமாகச் செய்கிறேன். நான் வரைவது பாகங்களை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரைந்து கடைசியில் சேர்ப்பேன். அவள் ஒரே கோட்டை எடுத்து மடக்கிக்கொண்டே போனாள். இரண்டு நீளக் கை. அவை சேருமிடத்துக்குப் பக்கத்தில் பாட்டில் உட்கார ஒரு குழி. கைகளின் கோடியை உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் பாட்டிலுக்குப் பக்கத்தில் அது பல மடங்கு பலமாகப் போய்ச் சேரும். கண்ணைச் சுற்றி உட்கார முன்னால் ஒரு வளையம். டிக்டாக் கிளிப்பிலிருந்து எடுத்த ஒரு சின்ன வளைவு, சரியாக ஒரு சொட்டு விழும்போது 'டிக்' என்று சொல்ல. எல்லாம் ஒரே துண்டு. ஆணி இல்லை, ஸ்பிரிங் இல்லை.

பிறகு திரையிலேயே அதை அமுக்கினாள். கைகள் வளைந்தன. எங்கே அதிகம் வலிக்கிறதோ அங்கே சிவப்பு, குறைவான இடத்தில் மஞ்சள், பச்சை, நீலம். சிவப்பு தெரிந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டினாள், கொஞ்சம் மெலிதாக்கினாள், மறுபடி அமுக்கினாள். நாலு நாளில் சிவப்பு போயே போய்விட்டது. அடேயப்பா! எனக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவில்லை, 'பரவால்ல' என்றேன். எங்கள் தலைமுறை டூல்ரூம்காரர்களுக்கு அதுதான் அதிகபட்சப் பாராட்டு.

அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பாசம்

இனிதான் காது சூடாகிற இடம்.

கைகள் சேரும் கழுத்து புள்ளி எட்டு மில்லிமீட்டர். கல்யாணப் பத்திரிகை அட்டையைவிடச் சற்றே தடிமன். அதைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது என் அக்கா கையில் இருக்கப் போகிறது. ஜெபமாலை முடிவதற்குள் வின்சென்ட் முன்னால் இது உடைந்தால் எல்லாம் முடிந்தது, அவன் அம்மாவைக் கூட்டிப்போய்விடுவான். டூல்ரூமில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், சந்தேகமான இடத்தில் சதை போடு.

போட்டேன். மறுநாள் 3டி பிரின்டரில் அச்செடுக்க வேண்டிய ஃபைலை, சுகன்யா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் திறந்து, புள்ளி எட்டை ஒன்று புள்ளி நாலாக மாற்றி, சேமித்து மூடினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவாள், வாதாடினால் நான் தோற்பேன் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ.

அந்தத் துண்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழைய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மாட்டினேன். கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர். அக்கா ஜெபமாலையை எடுத்தாள். அமுக்குவதே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். இருபத்து மூன்றில் 'டக்'.

வின்சென்ட் பேசியதையும் நான் உளறியதையும் மேலே சொல்லிவிட்டேன். அக்கா கடைசியாகப் பேசினாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுடா. இன்னொரு தடவ பாப்போம். அப்பவும் ஒடஞ்சா நானே பெட்டிய தூக்கிட்டு உன் வண்டில ஏர்றேன்."

"சத்தியமா?"

"உன் அம்மா என்னிக்குடா சொன்ன பேச்சு மாத்துனா?"

வெர்னியர் பேசியது

திங்கட்கிழமை உடைந்த துண்டுகளைச் சுகன்யா மேஜையில் வைத்தேன். 'பார்த்தாயா' என்ற முகத்தோடுதான் வைத்தேன். அவள் டிராயரைத் திறந்து, தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்து, உடைந்த கழுத்தை அதன் வாயில் வைத்தாள்.

"சார், இது ஒன்னு புள்ளி நாலு இருக்குதுங்களே."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"நான் வரைஞ்சது புள்ளி எட்டுங்க." மறுபடி அளந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முப்பது வருஷ சர்வீஸ், தலை நரைத்தாயிற்று, ஒரு பெண்ணின் முன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன்.

"நான்தாம்மா மாத்துனேன். ஒடஞ்சிருமோன்னு பயம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க சார்," என்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. நான் அங்கே இன்னொன்றையும் சொன்னேன். அவள் கணக்குத்தான் தப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டதையும் சொன்னேன். மறைத்தால் சாப்பாடு இறங்காது என்று தோன்றியது.

அவள் மேஜையிலிருந்த மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வில்லாக வளைத்தாள். விட்டாள், நேரானது. பக்கத்து மேஜையிலிருந்த மர ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதையும் அதே அளவு வளைச்சுப் பாருங்க சார்."

"ஒடஞ்சிரும்."

"தடிமனானதுதானுங்களே? சதை இருக்குதுங்களே?"

பாரம் தாங்குகிற இடத்தில் சதை போடலாம். வளைகிற இடத்தில் போட்டால், அதே வளைவுக்கு மேல்தோல் இன்னும் அதிகமாக இழுபடும், கிழியும். அமுக்கவும் பலம் கூடுதலாக வேண்டும். இதைப் படிப்பில் நானும் படித்தவன்தான், சூத்திரம்கூட ஞாபகம் இருந்தது. பயம் வந்தபோது கை சூத்திரத்தைக் கேட்கவில்லை. அக்காவை அப்படிப் பல்லைக் கடிக்க வைத்ததும், அவள் வீட்டை விட்டுப் போகும் நிலைக்குக் கொண்டுவந்ததும் என் பாசம்தான். வெட்கமாக இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சுகன்யா தன் பழைய ஃபைலைத் திறந்தாள். கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். தடிமனைப் புள்ளி ஏழாகக் குறைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "பாஸ்வேர்ட் போட்டுரட்டுங்களா சார்?" என்றாள். அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

அன்று மாலை சொட்டு விடப் போனபோது அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அந்தப் பொண்ண ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா. சாப்பாட்டுக்கு," என்றாள். எனக்குக் கிடைத்த வசவை இங்கே அச்சிட முடியாது.

ஐம்பத்து மூன்று

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு நாங்கள் போனபோது கதவருகே ஒரு பெட்டி நின்றது. பழைய நீலப் பெட்டி, பட்டை கட்டி, பூட்டுப் போட்டு. சொன்ன பேச்சு மாற மாட்டாள் என்பதற்குச் சாட்சியாக அக்கா முதல் நாளே துணிமணியை அடுக்கியிருந்தாள். அதைத் தாண்டித்தான் உள்ளே போனோம்.

வின்சென்ட் டம்ளரை வைத்தான். சுகன்யா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்தாள்.

டிக். ஒரு சொட்டு டம்ளரில். டிக். இன்னொரு சொட்டு. போன வாரம் மாதிரி பல்லைக் கடிக்கவில்லை, உள்ளங்கை சும்மா மூடித் திறந்தது. சுகன்யாவுக்கு மந்திரம் தெரியாது, உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்து ஒன்று, இருபத்து இரண்டு. இருபத்து மூன்றில் அக்காவே ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டிக்.

அதன்பிறகு வின்சென்டும் எண்ண ஆரம்பித்துவிட்டான், சத்தமாகவே. நாற்பது, நாற்பத்தொன்று. ஐம்பத்து மூன்றாவது சொட்டு விழுந்ததும் யாரும் கைதட்டவில்லை. அக்கா நிறுத்தவும் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கழற்றச் சொல்லி, மருந்து பாட்டிலை மாட்டச் சொன்னாள். தலையைப் பின்னால் சாய்த்து, வளையத்தைக் கண்ணில் பொருத்தினாள். வின்சென்ட் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான், அவள் எங்கேயோ விழப் போகிறவள் மாதிரி.

டிக்.

கண்ணை மூடித் திறந்தாள். கன்னத்தில் ஒன்றும் வழியவில்லை. "விழுந்துச்சுடா," என்றாள். "உள்ளாரதான்." மறுகண்ணுக்கும் விட்டுக்கொண்டாள்.

வின்சென்ட் போய் அந்த நீலப் பெட்டியைத் தூக்கினான். நான் பதறிவிட்டேன், வாசலுக்குக் கொண்டுபோகிறான் என்று. அவன் பின்னறைக்குப் போய், ஸ்டூல் மேல் ஏறி, பரண்மேல் அதை வைத்துவிட்டு வந்தான். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "பசிக்குதும்மா," என்றான்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது அக்கா சுகன்யாவின் கையில் ஒரு முழு அட்டை டிக்டாக் கிளிப்பைத் திணித்தாள். "எல்லாம் ஜெபமால சொன்ன சரக்கு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாளைலேர்ந்து காலைல வராத. தூங்கு."

சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை. எனக்கு ஏனோ சுருக்கென்றது. எட்டு மாதம் நான் முனகிக்கொண்டே போன பாதை அது, முனகல் இல்லாமல் ஒருநாள்கூடப் போனதில்லை. அது என்னுடையதாகிவிட்டிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்தேன், சட்டை போட்டேன், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். "வேண்டாம்னுதானே சொன்னாங்க, எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் என் மனைவி. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சரியாக ஏழுக்குப் போன் அடித்தது. அக்கா. எடுத்து 'அலோ' என்றேன். பதில் இல்லை. ஏதோ உரசுகிற சத்தம், போனை எங்கேயோ நகர்த்துகிறாள். பிறகு கேட்டது.

டிக்.

கொஞ்சம் இடைவெளி. மறுகண்.

டிக்.

"கேட்டுச்சா?" என்றாள் அக்கா. கேட்டது என்று நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். கடை திறக்கும் நேரம் ஆகியிருக்கும்.